மதினி வீட்டுப் பித்தளை

மதினி வீட்டு ஹாலில் டீப்பாய் கிடையாது. அதற்குப் பதில் ஒரு பித்தளை அண்டா. அடியில் பிரிமணை, வாயில் வட்டமாக வெட்டிய கண்ணாடி, அதன் மேல் காபி டம்ளர். அண்டாவைக் கவிழ்த்துப் போட்டால் ஆடாமல் நிற்கும் என்று கண்ணாடிக் கடைக்காரர் இந்தியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மதினி கேட்கவில்லை. கவிழ்த்தால் கழுத்துப் பக்கம் வெட்டியிருக்கும் பெயர் தலைகீழாகிவிடும். "என் பேர நானே தலகீழா நிறுத்தவா? நல்லாருக்கே கத!" என்று அந்த மனிதருக்குப் புரியாத தமிழிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு மதினியின் பெயர். ஆணியால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. கதவைத் திறந்ததும் வருகிறவர் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும் என்று அண்டாவை அப்படித் திருப்பி வைத்திருந்தார். போன வாரம் ஐரோலியிலிருந்து வந்த என் மருமகள் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டி, "மம்மி, இந்த டாட் டிசைன் எவ்வளவு அழகா இருக்கு, இப்ப வின்டேஜ் பித்தளைதான் ஃபேஷன்" என்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. டிசைன் இல்லை தாயே, அது ஒரு பொம்பளையோட பேரு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு நேரமில்லை, கீழே டாக்ஸி நின்றது.

மதினி என் கணவரின் அக்கா. நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபோது அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். ஒரே கோலி, அதாவது ஒற்றை அறை, நடுவில் ஒரு திரை, மேலே பரண். பரணில் சாக்குச் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய மூட்டைகள். புதுப்பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், ஆனால் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை நாள் படுத்துக் கிடப்பது? ஒருநாள் மாமியாரிடம் கேட்டுவிட்டேன். "அது ஒண்ணுமில்ல, பழைய சாமான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினிதான் பம்பில் தண்ணீர் பிடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது என் சீருளா. போன வேகத்துல திரும்பி வந்துட்டு, என்னைய மாதிரி."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற பாத்திரம் ஒவ்வொன்றிலும் அவள் பெயரை வெட்டித்தான் அனுப்புவார்கள். குடம், தவலை, தாம்பாளம், சின்னக் கரண்டி வரைக்கும் பெயர் உண்டு. கல்யாணம் முறிந்தால் அந்தப் பெயர்தான் சாட்சி. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, பெயரைப் படித்து, இது உங்களுது, இது எங்களுது என்று பிரிப்பார்கள். மதினியின் கல்யாணம் அடுத்த பொங்கல்கூடக் காணவில்லை. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "ஒத்து வரல" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்வார். புருஷன் வீடு இருந்த உல்லாஸ்நகரிலிருந்து டெம்போ வந்து, பட்டப்பகலில், சந்தே வேடிக்கை பார்க்க, பாத்திரங்கள் இறங்கினவாம். அன்று சாயங்காலமே மாமியார் அவற்றைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். அடுத்த பெண்ணுக்குக் கொடுக்க முடியாது, பெயர் இருக்கிறது. எடைக்குப் போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, "எம் மக பேர எடைக்குப் போடவா?" என்று மாமியார் சண்டைக்குப் போயிருக்கிறார். ஆனால் கீழே இறக்கவும் விடவில்லை. பித்தளை திரும்பி வந்த வீடு என்று ஊர் பேசுவதை மறக்கடிக்க அவருக்குத் தெரிந்த வழி அந்தப் பரண்தான்.

மதினி ஒரு பேக் தைக்கிற கார்கானாவில் செக்கிங் வேலை பார்த்தார். ஜிப் சரியில்லை என்றால் பையன்கள் முகத்துக்கு நேரே பையை வீசுவார், பிறகு அவரே டீ வாங்கிக் கொடுப்பார். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது. நேரே சமையல் செய்கிற இடத்துக்குப் போய் அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிடுவார். தாலி கட்டும்போது யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள், அவரும் வர மாட்டார். வாழாவெட்டி என்று காதுபடவே சொன்னவர்கள் உண்டு. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதில் ஒரு வசதி, கண் கலங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒருமுறை என்னிடம் விளையாட்டாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கார்கானா முதலாளி வீட்டில் ஒரு பூஜைக்கு மாட்டுங்கா போய்விட்டு வந்த அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "ஏளா, அங்க ஹாலுல நம்மூருக் குடம் ஒண்ண வெச்சி, அதுல காஞ்ச பூவச் செருகி வெச்சிருக்காவ. மேல விளக்கு வேற போட்டிருக்கு. கிட்டப் போயிப் பாத்தா 'வி. பேச்சியம்மாள்'னு பேரு வெட்டிருக்கு. யாரு இதுன்னு அந்த அம்மாகிட்டக் கேட்டேன். 'ஆன்ட்டிக்'குங்காவ, பழங்காலத்துச் சாமானாம்! எந்தப் பேச்சியம்மா எந்த வீட்டுல வாழ்ந்தாளோ, வாழலியோ, அவ பேரு ஏசி ஹாலுல ஜம்முனு உக்காந்திருக்கு. எம் பேரு மட்டும் சாக்குக்குள்ள கெடந்து சாவணுமா?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மாமியார் காலமான பிறகு, வருஷக்கணக்காகச் சேர்த்ததைப் போட்டு, மதினி செம்பூரில் ஒரு ரூம் கிச்சன் வாங்கினார். தன் பேரில், தனியாக. புது வீட்டுக்கு என்ன வேண்டும் என்று என் கணவர் கேட்டதற்கு, "பரண்ல இருக்க என் சாமான எறக்கிக் குடு, அது போதும்" என்றார். என் கணவர் மனமில்லாமல்தான் இறக்கினார். மூட்டையைப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். எல்லாம் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்து, பழைய செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. புளியும் உப்பும் போட்டு நாங்கள் இருவரும் தேய்த்தோம். கை முட்டி வரை கறுப்பாகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கழுவித் துண்டில் கவிழ்க்கும்போது மதினி சொன்னார்: "இதெல்லாம் என் சீரா? நானே இப்பத்தான்ளா முழுசாப் பாக்கேன்." கல்யாணப் பெண் எங்கே போய்ச் சீரைப் பார்ப்பாள், தலை குனிந்தல்லவா உட்கார்ந்திருப்பாள். பிறகு அங்கே போனதும் பாதி பெட்டியை விட்டே எடுக்கவில்லையாம்.

அப்புறம் அலங்காரம். அடேயப்பா, அந்த ஒரு வாரம் மதினியைப் பார்த்திருக்க வேண்டும்! வாசலுக்குள் குடம், அதற்குள் குடை. ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுத் தூக்குவாளி, அதற்குள் மணி பிளான்ட். இட்லிக் கொப்பரையில் பழைய பத்திரிகைகள். வரிசையாகச் செம்புகள், ஒன்றில் பேனா, ஒன்றில் கரண்டி, ஒன்றில் சும்மா நாலு மயிலிறகு. பெரிய தாம்பாளத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டியபோது நான் கடிகாரம் மாதிரி இருக்கிறது என்றேன், முள் மட்டும் இல்லை என்றார். எல்லாவற்றையும் பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார். உட்கார்ந்தாலும் மதினி பெயர், திரும்பினாலும் மதினி பெயர். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து அத்தனை பித்தளையிலும் பட்டபோது, அந்தச் சின்ன வீடு அவ்வளவு அழகாக இருந்தது. மதினி நடுவில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "இனி என் வீட்டுக்கு நாலு பேரு வரணும், ஒக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவணும். எனக்கு வேற என்ன வேணும், சொல்லு" என்றார். ஊரார் வீட்டில் காய் நறுக்கியே காலம் போன மனுஷிக்கு, தன் வீட்டில் தன் கையால் இலை போட வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான் கேட்டார்.

பால் காய்ச்சும் நாளன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். தாராவியிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் சேர்ந்தே வந்தார்கள். வாசலில் ஒரே பேச்சும் சிரிப்பும். கதவைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. முதலில் வந்தது சித்தி, என் மாமியாரின் தங்கை. அண்டாவைப் பார்த்தார், பெயரைப் படித்தார், சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "திரும்பி வந்த சாமான நடுவீட்டுல பரப்பி வைப்பாவளா? வயசுப் புள்ளைய வந்து போற எடத்துல?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அந்த வீட்டில் மெதுவாகப் பேச இடம் ஏது? தன் பேத்தியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் நிச்சயம். மற்றவர்களும் பாலை ஒரு வாய் குடித்தார்கள். ட்ரெயின் கூட்டம் ஏறிவிடும் என்றார்கள், பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். ஒருவர்கூட இலையில் உட்காரவில்லை. மதினி விடிவதற்கு முன்பே எழுந்து வைத்த சாம்பார், அவியல், பாயசம் எல்லாம் மூடி வைத்தபடியே இருந்தது. கடைசியில் நானும் மதினியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். "உப்பு பத்தல, அதான் யாரும் சாப்பிடல" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. என் கணவர் கூட என்னைக் கேட் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, மாடிக்கு வராமல் போய்விடுவார். கோபமெல்லாம் இல்லை. "அன்னைக்கு டெம்போவுல இருந்து நான்தான எறக்கினேன். அதப் பாத்தா எனக்கு அதுதான் ஞாவகம் வருது" என்பார். மதினிக்கு இதைச் சொன்னேன். "அவன் சின்னப் பயலா இருந்தான், பாவம்" என்றார். சனிக்கிழமை பித்தளை துலக்குவார், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்குக் கூடுதலாகச் சமைப்பார். லிஃப்ட் நிற்கிற சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் குறைப்பார். எதிர் வீட்டு மராத்திக்காரரின் விருந்தாளிகளாக இருக்கும். அந்தச் சிரிப்பும் செருப்புச் சத்தமும் அடங்கும் வரை ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பார். பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் எல்லோரும் வருவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒருமுறை நான் அதைச் சொன்னேன். "வருவாவ. யாரு வீட்டுக்கு வருவாவ? பேரில்லாத வீட்டுக்கா?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண், நெற்றியில் திருநீறு, கையில் கனமான கட்டம் போட்ட பை. என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் அண்டாவில் இருந்த பெயரைப் படித்தார். "சரியாத்தான் வந்திருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யார் வேண்டும் என்று கேட்டேன். "உல்லாஸ்நகர்ல இருந்து வாரேன்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "இவுகளுக்குப் பொறவு அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ" என்றார். உள்ளேயிருந்து கரண்டியோடு வந்த மதினி அப்படியே நின்றுவிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கதவைச் சாத்துவதா, வாங்க என்பதா?

மதினிதான் வாங்க என்றார். அந்த அம்மா உட்கார்ந்து பையைத் திறந்து ஒரு பித்தளைத் தவலையை எடுத்துக் கீழே வைத்தார். பாத்திரம் பிரித்த அன்று அதற்குள் அரிசி இருந்ததாம். அந்த வீட்டு மாமியார்க்காரி அரிசியோடு மூலையில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டாராம். இவர் கல்யாணமாகிப் போன பிறகுதான் அது தண்ணீர்த் தவலையாக வெளியே வந்திருக்கிறது. "பேர ராவி எடுத்துட்டு ஒம்பேர வெட்டிக்கோன்னாவ. எனக்கு மனசு வரல. அடுத்தவ பேர எப்படி ராவ? தெனமும் ஒங்க பேரப் படிச்சிக்கிட்டுத்தான் தண்ணி மோந்தேன். இப்ப எங்க வீட்டுக்காரவுகளும் போயிட்டாவ. பயலுவ பழைய பாத்திரத்தயெல்லாம் எடைக்குப் போடுதோம்னு நிக்கானுவ. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்." இந்த வீடு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். ஏதோ ஒரு கல்யாணத்தில் சித்தியும் மற்றவர்களும் பேசிக்கொண்டிருந்தார்களாம், செம்பூரில் ஒருத்தி திரும்பி வந்த சீரை ஹாலில் ஷோ வைத்திருக்கிறாள் என்று. வழியும் அந்தப் பேச்சிலேயே இருந்திருக்கிறது. யாரும் வராமல் செய்த பேச்சுதான் இவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

மதினி தவலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருக்க, இது மட்டும் இடுப்பில் ஒரு நெளிவு, அடியில் ஈயம் வைத்து அடைத்த ஓட்டை, விளிம்பு கைபட்டுக் கைபட்டு மழுங்கியிருந்தது. பெயரில் பாதி எழுத்து தேய்ந்துபோய், விரலால் தடவினால்தான் தெரிந்தது. மதினி தடவிப் பார்த்தார். "என் சாமான்ல இது ஒண்ணுதான் வாழ்ந்திருக்கு" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். உல்லாஸ்நகர் அக்காவும் அழுதார். நான் மட்டும் என்ன கல்லா?

பிறகு மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியளா?" இல்லை என்றார். மதினி இலை போட்டார். அந்த அம்மா வெட்கப்படாமல் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், மோருக்குச் சோறு வைத்துக்கொண்டார், இந்தக் கத்தரிக்காய் எந்த மார்க்கெட்டில் வாங்கியது என்று விசாரித்தார். மதினி அப்பளம் பொரிக்க ஓடினார், ஊறுகாய் எடுக்க ஓடினார், ஓடிய ஓட்டத்தில் குடையோடு குடத்தை இடித்துத் தள்ளினார். அந்த மனிதரைப் பற்றி ஒரே ஒரு பேச்சுதான் நடந்தது. "நல்லா வெச்சிக்கிட்டாவளா ஒங்கள?" என்று மதினி கேட்டார். "இருந்தாவ" என்றார் அந்த அம்மா. மதினி தலையை ஆட்டினார். போகும்போது தவலையைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "இங்க இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்றார். சொன்ன மாதிரியே வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறாவது வருவார். இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து ட்ரெயின் கூட்டத்தையும் மருமகள்களையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். மதினி அந்தத் தவலையை மட்டும் அலங்காரத்தில் சேர்க்கவில்லை. அடுப்படியில் தண்ணீர் பிடித்து வைத்தார்.

மதினி இறந்த அன்று அந்த வீடு நிறைந்துவிட்டது. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், அதற்கு மேலும் வந்திருந்தார்கள். நிற்க இடமில்லை. அண்டாக் கண்ணாடியின் மேல் காபிக் கப்புகள், குடத்தின் மேல் யாருடைய துண்டோ. ஒருவரும் பாத்திரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. உல்லாஸ்நகர் அக்கா கூட்டத்துக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே நின்றார். கையில் மாலை. சித்திக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னால் வந்து, "நீங்க யாரு? இவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். எங்கள் உறவுமுறையில் இதற்கு ஒரு சொல் உண்டு, அதை யாரும் நல்ல வாயால் சொன்னது கிடையாது. அந்த அம்மா சித்தியை நேராகப் பார்த்தார். "நான் இந்த வீட்டு விருந்தாளி" என்றார். சித்தி ஒதுங்கி வழி விட்டார்.

இப்போது இந்த வீட்டில் நான் இருக்கிறேன். என் கணவரும் போய்விட்டார். மகன் ஐரோலிக்கு வரச் சொல்கிறான், அங்கே பகலெல்லாம் சுவரைப் பார்ப்பதற்கு இங்கே பித்தளையைப் பார்க்கலாம். துலக்குகிறேன், ஆனால் மதினி மாதிரி வராது. மகன் வீட்டார் வந்தால் போட்டோ எடுப்பார்கள், சாப்பாடு வழியில் ஆயிற்று என்பார்கள். சாப்பிட்டியளா என்று கேட்கவே ஆளில்லாமல் போகிற நாள் எல்லோருக்கும் வரும் போலிருக்கிறது. சில சமயம் பயமாகவே இருக்கிறது, என் கடைசி நாளன்று வாசலில் நின்று, நான் இந்த வீட்டு விருந்தாளி என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள் என்று. நேற்று உல்லாஸ்நகர் அக்காவுக்குப் போன் போட்டேன். முட்டி வலி, ரயில் ஏற முடியவில்லை, பேசவும் ஆளில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன் என்றேன். என்ன சமைக்க என்று உடனே கேட்டார், குரலே மாறிவிட்டது. எது வைத்தாலும் சாப்பிடுவேன், ரசம் மட்டும் கொஞ்சம் கூட வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.